கம்ப்யூட்டர் ஏன் திக்குகிறது?

நமது மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கவிதை எனக்கு வராது. ராக்கெட், ரோபோ பற்றி எழுத நம்மிடையே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே நானே கையை வைத்து, நானே கெடுத்து, பிறகு நானே சரி செய்த ஒரு சங்கதியை எழுதுகிறேன்.

அப்டேட் போட்ட மறுநாள் கம்ப்யூட்டரில் பாட்டும் பேச்சும் விட்டு விட்டுக் கேட்கும். ‘ட்ர்ர்’ என்று இழுக்கும். சொல் பாதியில் அறுந்து போகும். உங்களில் பலர் வீட்டிலோ ஹாஸ்டலிலோ இதைப் பார்த்திருப்பீர்கள். “பார்மட் அடிச்சிருடா” என்று முடித்தும் இருப்பீர்கள். அப்படி முடிக்கக் கூடாது, கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

எங்கள் ஊர் மைக் செட்

என் ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய கடற்கரைக் கிராமம். அப்பா கடல் தொழில். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அதனால் ஊரில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், டி.வி. தெரியாவிட்டாலும், “அந்தப் பாலிடெக்னிக் பையனக் கூப்பிடு” என்பார்கள். நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ். ஊருக்கு எல்லாம் ஒன்றுதான்.

கடற்கரை ஓரத்தில் ஊர்ப் பொது அறை ஒன்று. அதில் ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு ஆம்ப்ளிபயர், மொட்டை மாடியில் இரண்டு கூம்புக் குழாய். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் இந்த மைக் செட்டுக்கு ஓய்வே கிடையாது. “மன்னார் வளைகுடாப் பகுதியில் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்” என்று எச்சரிக்கை வரும். பொறுப்பில் இருக்கும் மாமா அதைத் தன் குரலில் பேசிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஓடவிடுவார். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே என்பீர்கள். வலை பிரிக்கிறவன் கையில் செல்போன் இருக்காது. காது மட்டும்தான் சும்மா இருக்கும்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகி, தானாக அணைந்து எழுந்தது. எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அன்று சாயங்காலம் எச்சரிக்கையை ஓடவிட்டபோது கரையில் கேட்டது இதுதான்: “மீனவர்கள் கடலுக்குப் போக... ட்ர்ர்... ஆம்.”

நண்பர்களே, நம் தமிழில் ‘போகலாம்’ என்பதும் ‘போக வேண்டாம்’ என்பதும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. நடுவில் அரை வினாடி அறுந்தால் அர்த்தமே தலைகீழ்! வலை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தாத்தா என் அப்பாவிடம், “போகலாமுன்னுதானல சொல்லுது?” என்று கேட்டாராம். அப்பாவுக்குச் சந்தேகம். நேரே அறைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். அன்று யாரும் போகவில்லை. ஆனால் விசாரிக்காமல் போயிருந்தால்?

அதற்கு மேல் மாமா காத்திருக்கவில்லை. அன்று மாலை முழுவதும் மைக்கைக் கையில் பிடித்து வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “மக்கா, நீ கம்ப்யூட்டருதான படிக்கே? வந்து பாரு” என்றார்.

கரையோர ஊருக்கு ஒலிபெருக்கி என்றால் என்ன என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்ததால் ஊரே ஓடித் தப்பித்தது. அந்த ஒலிபெருக்கி அன்று திக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நான் செய்த தவறு

இப்போது என் அசட்டுத்தனம். அறைக்குள் நுழைந்ததும் சுற்றிலும் பத்துப் பேர். படிச்ச பையன் என்ன செய்யப் போகிறான் என்று எல்லாரும் பார்க்கிறார்கள். ‘தெரியவில்லை, யோசிக்க வேண்டும்’ என்று சொல்ல வெட்கம். எனவே ஏதோ பெரிய ஆள் போல டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். சவுண்டு டிரைவரை அன்இன்ஸ்டால் செய்தேன். ‘டிரைவரையும் நீக்கவா?’ என்று கேட்டதற்கும் டிக் அடித்தேன். திரும்ப இன்ஸ்டால் செய்தேன். பிளேயரை மாற்றினேன். ஒலி அளவை மாற்றினேன். ஐந்து காரியம் ஒரே மூச்சில்! திக்கல் போகவில்லை. எதை மாற்றினேன் என்பதும் நினைவில் இல்லை.

“உப்புக்காத்து தின்னுட்டு, அவ்வளவுதான்” என்றார் ஒருவர். “புதுசு வாங்கணும்” என்றார் இன்னொருவர். தலை குனிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒன்றும் திட்டவில்லை. சாப்பிடும்போது, “இஞ்சின் கடல்ல நின்னுட்டா நான் என்ன செய்வேன் தெரியுமா? மொதல்ல எண்ணெய் வருதான்னு பாப்பேன். வந்தா, அப்புறம் பிளக்கக் கழத்தி கரண்டு வருதான்னு பாப்பேன். ரெண்டையும் ஒண்ணாப் பிரிச்சிப் போட்டா கரைக்கு வந்து சேர முடியுமால?” என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் லேப் சார் ஆம்ப்ளிபயர் சர்க்யூட்டைக் கொடுத்து, சிக்னல் எதுவரை வருகிறது என்று ஆஸிலாஸ்கோப்பில் இடம் இடமாகப் பார்க்கச் சொன்னதும் இதைத்தானே! பரீட்சையில் அதற்கு நல்ல மார்க் வாங்கினேன். ஊரில் பத்துப் பேர் முன்னால் மறந்துவிட்டேன்.

ஒலி வரும் பாதை

கோளாறைத் தேடும் முன் பாதை தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் ஒலி வருவது இப்படித்தான்: பைல், பிளேயர், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒலிப் பகுதி, டிரைவர், சவுண்டு சிப், பின்பக்க ஜாக், வயர், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர். இத்தனை கைமாறித்தான் ஒரு சொல் வெளியே வருகிறது.

கம்ப்யூட்டருக்குள் ஒலி என்பது வெறும் எண்கள். ஆடியோ சி.டி.யில் ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். கம்ப்யூட்டரிலும் வீடியோவிலும் பெரும்பாலும் 48,000. இந்த எண்களைச் சவுண்டு சிப் ஒரே சீராக மின்னழுத்தமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பிராசஸருக்கு ஆயிரம் வேலை. அது ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடுவில் ‘பபர்’ என்ற சிறு சேமிப்பு இடம் உண்டு.

வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குடம் குடமாக ஊற்றுகிறோம். கீழே குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழுகிறது. அடுத்த குடம் வரத் தாமதமானால் தொட்டி காலி, குழாய் ‘புஸ்’ என்று நிற்கும். ஒலியிலும் அதேதான். ஒரு குடம் என்பது பல கம்ப்யூட்டர்களில் 10 மில்லி வினாடி ஒலி, அதாவது 48,000 வேகத்தில் 480 எண்கள். வினாடிக்கு 100 தடவை குடம் வந்தாக வேண்டும். ஒருதடவை தவறினால் ‘டிக்’. தொடர்ந்து தவறினால் ‘ட்ர்ர்’.

பிராசஸர் சராசரியாக எவ்வளவு வேகம் என்பது இங்கே முக்கியமில்லை. குடம் நேரத்துக்கு வந்ததா என்பதே முக்கியம். அதனால்தான் நல்ல வேகமான கம்ப்யூட்டரும் சில சமயம் திக்குகிறது. வைபை, டிஸ்க், கிராபிக்ஸ் என்று ஏதோ ஒரு டிரைவர் பிராசஸரைச் சில மில்லி வினாடி பிடித்து வைத்துக்கொண்டால் போதும், சவுண்டு காத்துக்கொண்டு நிற்கும். லேட்டன்சிமான் என்ற சாப்ட்வேர் எந்த டிரைவர் அப்படிப் பிடித்து வைக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அப்டேட் வந்தால் ஏன் கெடுகிறது?

காரணங்கள் முக்கியமாக மூன்று.

ஒன்று, டிரைவர் மாறிவிடுவது. பழைய டிரைவர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அப்டேட் புதியதைப் போட்டுவிடும். அது நம் சிப்புக்குப் பொருந்தாமல் போகலாம். 2018 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு இன்டெல் ஆடியோ டிரைவர் தவறுதலாகப் பல கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்து, அவற்றில் ஒலியே நின்றுபோனது. அதை நீக்குவதற்கென்றே மைக்ரோசாப்ட் தனியாக ஒரு அப்டேட் வெளியிட்டது. 2025 ஜனவரி அப்டேட்டுக்குப் பிறகு யு.எஸ்.பி.யில் மாட்டும் சில பழைய வகை ஒலி மாற்றிக் கருவிகள் வேலை செய்யவில்லை. அவற்றைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை நேரே கம்ப்யூட்டரில் மாட்டச் சொன்னார்கள். ஆக, பெரிய கம்பெனிக்கும் தவறு வரும். நம் கம்ப்யூட்டர் மட்டும் சபிக்கப்பட்டதல்ல!

இரண்டு, செட்டிங் பழைய நிலைக்குப் போய்விடுவது. நாம் அணைத்து வைத்த ‘ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்’ மீண்டும் ஆன் ஆகியிருக்கும். ஒலி ஸ்பீக்கருக்குப் போகாமல் எச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டருக்குப் போயிருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்தும் செட்டிங் மாறியிருக்கும்.

மூன்று, அப்டேட்டின் மிச்ச வேலை. கம்ப்யூட்டர் எழுந்த பிறகும் சில மணி நேரம் பின்னால் பைல்களை அடுக்கிக்கொண்டும், அடுத்த அப்டேட்டை இறக்கிக்கொண்டும் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டும். இதற்கு மருந்து பொறுமைதான். ஓர் இரவு ஓடவிட்டால் தானே அடங்கும்.

லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்களும் சிரிக்க வேண்டாம். அங்கே வெகுகாலம் பல்ஸ்ஆடியோ ஒலியைக் கவனித்தது. பிறகு பைப்வயர் வந்தது. பெடோரா 2021-லும், உபுண்டு 2022 அக்டோபர் வெளியீட்டிலும் இதற்கு மாறின. புதிய பதிப்புக்கு ஏறும்போது ஒலியைக் கவனிக்கும் ஆளே மாறிவிடுகிறார். பழைய செட்டிங் பைல்கள் கிடந்தால் குழப்பம் வரலாம். தேடும் முறை அங்கும் இதேதான்.

காதே முதல் மீட்டர்

எதையும் தொடும் முன், எப்படிக் கெட்டிருக்கிறது என்று காதால் கேளுங்கள்.

1. இடையிடையே அறுந்து, ‘ட்ர்ர்’ என்றால்: பபர் காலியாகிறது. டிரைவரும் பின்னால் ஓடும் வேலைகளும் சந்தேகத்துக்கு உரியவை.

2. முதல் சொல் மட்டும் காணாமல் போய், பிறகு சரியாக வந்தால்: சவுண்டு சிப் தூங்கிவிடுகிறது. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கும் சிப் எழுந்திருக்கச் சிறிது நேரமாகும். அதற்குள் முதல் சொல் போய்விடும்.

3. குரல் கீச்சென்று வேகமாகவோ, கனத்து மெதுவாகவோ வந்தால்: வினாடிக்கு எத்தனை எண் என்பதில் குழப்பம். 44,100-ல் பதிந்ததை மாற்றாமல் 48,000-ல் ஓட்டினால் ஏறக்குறைய 9 சதவீதம் வேகம் கூடும்.

4. ‘ம்ம்ம்’ என்று விடாத ரீங்காரம் என்றால்: அது நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்டின் சத்தம். எர்த்தையும் வயரையும் பாருங்கள். அப்டேட்டைத் திட்டாதீர்கள்.

5. வயரை அசைத்தால் கரகரப்பு மாறினால்: ஜாக்கில் துரு. எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்கு இது அன்றாடம். சுத்தம் செய்தாலே போதும்.

6. சத்தமே இல்லை என்றால்: ஒலி எந்த வழியாகப் போகிறது என்ற செட்டிங்கை முதலில் பாருங்கள்.

பாதிப் பாதியாகப் பிரிப்பது

மறுநாள் காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு போனேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதை எழுதிய பிறகே அடுத்தது என்று முடிவு.

முதல் சோதனை: மாமாவின் பதிவைப் பென்டிரைவில் எடுத்து என் செல்போனில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த அதே வயரைச் செல்போனில் மாட்டினேன். கூம்புக் குழாயில் குரல் கணீர் என்று வந்தது. ஒரே சோதனையில் பைல், வயர், ஆம்ப்ளிபயர், குழாய் நான்கும் நிரபராதி! உப்புக்காற்றும் நிரபராதி.

இரண்டாவது: கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டினேன். திக்கியது. கோளாறு பெட்டிக்குள்தான்.

மூன்றாவது: வேறு பிளேயர், வேறு பைல். எல்லாம் திக்கின. பிளேயர் விடுதலை.

நான்காவது: டாஸ்க் மேனேஜர். டிஸ்க் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் ஓடவிட்டு மறுநாள் வந்தேன். டிஸ்க் அடங்கிவிட்டது. திக்கல் பாதி குறைந்தது, போகவில்லை.

ஐந்தாவது: என்ஹான்ஸ்மெண்ட்டை அணைத்தேன். மாற்றமில்லை. ஆறாவது: 48,000-ஐ 44,100 ஆக்கிப் பார்த்தேன். மாற்றமில்லை. திரும்பப் பழையபடி வைத்தேன். இது முக்கியம். பலன் தராத மாற்றத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நாளைக்கு அதுவே புதுக் கோளாறாகும்.

ஏழாவது: டிவைஸ் மேனேஜரில் சவுண்டு டிரைவரின் தேதியைப் பார்த்தேன். புதுத் தேதி. அப்டேட்டோடு வந்தது என்று தெரிந்தது. ‘ரோல் பேக் டிரைவர்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பி வரும். ஆனால் அந்தப் பொத்தான் மங்கிப்போய், அழுத்த முடியாமல் இருந்தது. ஏன்? முதல்நாள் நான்தான் டிக் அடித்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டேனே! அவசரத்துக்குக் கிடைத்த பரிசு.

அதற்கும் ஒரு வழி இருந்தது. விண்டோஸிலேயே ‘ஹை டெபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்று ஒரு பொதுவான டிரைவர் இருக்கிறது. 2004-இல் இன்டெல் வகுத்த அந்த முறைப்படி செய்த எந்தச் சிப்பையும் பெரும்பாலும் இது ஓட்டிவிடும். ‘அப்டேட் டிரைவர்’ போய், கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தேன். ரீஸ்டார்ட். பதிவை ஓடவிட்டேன். திக்கலே இல்லை!

மாமா என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். நான்தான், “பொறுங்க மாமா” என்றேன். பத்து நிமிடம் சும்மா விட்டு மறுபடி ஓடவிட்டோம். “...வர்கள் கடலுக்குப் போக வேண்டாம்” என்று வந்தது. ‘மீன’ காணோம். பட்டியலில் இரண்டாவது கோளாறு, சிப் தூங்குகிறது. புது டிரைவரோடு புது வழக்கம்.

சிப்பின் தூக்கத்தை ரெஜிஸ்ட்ரியில் மாற்றலாம். ஆனால் அது ஊர்க் கம்ப்யூட்டர், ஒருமுறை சூடுபட்டவன் நான். அதனால் எளிய வழியைப் பிடித்தேன். எச்சரிக்கைப் பதிவு ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று வினாடி மணியோசையைச் சேர்த்துவிட்டோம். மணி அடிக்கும்போதே சிப் விழித்துவிடுகிறது. முதல் சொல் முழுதாக வருகிறது. இப்போது கரையில் மணி கேட்டாலே வலை பிரிப்பவர்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறார்கள்.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாமா?

சிலர் இப்படிக் கேட்டார்கள். அது தவறு. வைரசும் திருட்டும் நுழையும் ஓட்டைகளை அடைப்பது அப்டேட்தான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அந்தப் பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருப்பவர்கள் இதை இன்னும் யோசிக்க வேண்டும். அப்டேட் வேண்டும், ஆனால் அதற்கு நேரம் உண்டு. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது கடல் சும்மா இருக்கும் நாளில்தான். அதுபோல மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். போடும் முன் ரெஸ்டோர் பாயிண்ட் ஒன்று வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் பெயர், பதிப்பு, தேதியை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். போட்ட பிறகு ஒரு பதிவை முழுவதும் ஓடவிட்டுக் காதால் கேட்க வேண்டும். எங்கள் அறையில் இப்போது அந்த நாற்பது பக்க நோட்டு ஆணியில் தொங்குகிறது. மைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் சதி செய்தால் மாமாவின் வாய் இருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நமக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பயந்து அவசரப்பட்டுக் கையை வைத்துவிடாதீர்கள். “பொறுங்க, ஒவ்வொண்ணாப் பாக்கிறேன்” என்று சொல்வது வெட்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற என் அப்பா நடுக்கடலில் அப்படித்தான் இஞ்சினை எழுப்பிக் கரை சேர்கிறார். அதை நான் டிப்ளமோ படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இந்த ஆண்டு மழைக்காலத்தில் உங்கள் ஊர் மைக் செட் திக்கினால், முதலில் ஒரு செல்போனும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

– இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன், ஆலந்தலை